முதலில் உட்காருங்கள்

லோகநாதன் இறந்தபோது அவர் முகத்தில் புன்னகை இருந்தது என்று துக்கத்திற்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தமயந்தியால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அந்தப் பாராட்டைத்தான்.

லோகநாதன் புன்னகை புரியும் மனிதர் அல்லர். சிங்காநல்லூர் குளக்கரைக்குக் காலை நடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். தெருவிளக்கு எரியாவிட்டால் கத்துவார். பகலில் எரிந்தால் அதைவிடக் கூடுதலாகக் கத்துவார். கொசு கடித்தால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி ஏசுகிற அந்த மனிதர், நெஞ்சு அடைத்து உயிர் போகும் வேளையில் மட்டும் மனைவியைப் பார்த்துச் சிரித்தபடி, "என்னமோ பண்ணுது கிருபா... பரவால்ல, நீ அடுப்பப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். கிருபாவும் போய் அடுப்பைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது, கூடத்து நாற்காலியில் அதே சிரிப்போடு அவர் சாய்ந்திருந்தார்.

"பயப்படவே இல்லீங்க்கா," என்று கிருபா தமயந்தியின் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார். "ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பன். ஆம்புலன்சு வர்றதுக்குச் சித்த நேரம் போதும். ஒரே ஒரு சத்தம். எல்லாத்துக்கும் கத்தற மனுசன், ஏனுங்க்கா இதுக்கு மட்டும் கத்தல?"

விடை தமயந்திக்குத் தெரியும். அது அவருடைய இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், பாதித் தீப்பெட்டி அளவில் இருந்தது. லோகநாதனுக்கும் அதே இடத்தில் அதே கருவி இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தமயந்தியின் நெஞ்சுக்குள் ஏதோ கொதித்து எழுந்தது. ஆனால் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். தட்டு, தட்டு, தட்டு என்று உள்ளே மெல்லிய தாளம் கேட்டது. இரண்டு விரல்கள் தாமாகவே காறை எலும்புக்குக் கீழே சென்று தங்கின. கொதித்தது அடங்கிற்று.

"அமைதியாப் போயிட்டாரு, விடு அம்மிணி," என்றார் தமயந்தி.

ஊரார் சொன்னபோது பொறுக்க முடியாத அதே சொல் தம் வாயிலிருந்தே வந்ததை, அன்று வீட்டுக்கு நடந்து திரும்பும்போதுதான் அவர் உணர்ந்தார்.

*

கருவியின் பெயர் நிதானி. சென்ற ஆண்டு தமயந்திக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, தென்றல் இதய நிலையத்தின் தலைமை மருத்துவர் திருமூர்த்தியே கட்டிலருகில் வந்து நின்று அதைப் பற்றி விளக்கினார். அவரைவிடப் பணிவான மருத்துவரைத் தமயந்தி அதுவரை கண்டதில்லை.

"இருதயத் துடிப்பு தப்பாப் போனாச் சரி பண்ணுமுங்கம்மா. அது பழைய கருவிங்களும் செஞ்சதுதான். இது இன்னொன்னும் செய்யும். ஆபரேசன் முடிஞ்சவங்களுக்குக் கோவம், பயம், படபடப்பு இதெல்லாம் ஆகாதுங்க. அது வர்றப்பக் கழுத்துல போற ஒரு நரம்ப மெதுவாத் தட்டிக் குடுக்கும். கொழந்தையத் தோள்ல போட்டுத் தட்டுவோமே, அதாட்டன்னு வெச்சுக்குங்க."

"நடந்தாலும் இருதயம் வேகமா அடிக்குமேங்க? அப்பவும் தட்டுமா?"

"நல்லாக் கேட்டீங்க. தட்டாதுங்க. ஒடம்பு அசையுதான்னு அது பாத்துக்கும். நடந்து, வேலை செஞ்சு துடிப்பு ஏறுனா அது ஆரோக்கியம், விட்டுரும். சும்மா உக்காந்திருக்கறப்ப ஏறுனா அது படபடப்பு, தணிச்சிரும். அதனால நல்லா நடங்க. வேலை செய்ங்க. உங்களுக்கு ஒரு தடையும் இல்லீங்க."

தொடக்கத்தில் தமயந்தி அவரைக் கைகூப்பித்தான் வணங்கினார் என்பதை மறுப்பதற்கில்லை. பிளந்து தைத்த நெஞ்செலும்பு இருமும்போதெல்லாம் கழன்றுவிடுமோ என்று நடுங்கிய நாட்களில், அந்தத் தட்டு இல்லாதிருந்தால் அவர் கண்மூடியிருக்க மாட்டார். பிறகு நடக்கத் தொடங்கினார். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பிறகு குளக்கரை. அங்கே அதே நிலையத்தில் நெஞ்சு திறக்கப்பட்ட இன்னும் சிலர் அறிமுகமானார்கள். தங்களுக்குத் தாங்களே 'பைபாஸ் கோஷ்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு, உப்பைக் குறைத்த கதைகளையும் திருட்டுத்தனமாகத் தின்ற பஜ்ஜிகளின் கதைகளையும் பேசியபடி குளத்தைச் சுற்றி வந்தார்கள். நோய்க்கு முன்பு இருந்ததைவிடத் தமயந்தியின் கால்கள் உறுதியாயின. கணபதிப் பகுதியில் கணவர் விட்டுச்சென்ற லேத் பட்டறையைத் தனியாளாகக் கட்டிக்காத்தவர் அவர். மீண்டும் பட்டறைக்குப் போனார். முன்போல நின்று வேலை வாங்கினார்.

பட்டறை போனது ஒரு மத்தியான உணவின்போது. "அம்மா, இனி உன்னால முடியாது. பட்டறைய வித்தர்லாம்னு இருக்கேன்" என்று மகன் கௌதம் சாப்பாட்டு மேசையில் சொன்னான். தமயந்தி உட்கார்ந்திருந்தார். தட்டு, தட்டு, தட்டு. "சரி கண்ணு, உன்ற விருப்பம்" என்று சொல்லி அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்தும் இட்டார். மறுநாள் குளக்கரையில் முதல் சுற்று முடிவதற்குள் அவருடைய காதுமடல்கள் சுட்டன. 'என்ற பட்டறைய விக்கறதுக்கு இவன் யாரு? என்னால முடியாதுன்னு இவனுக்கு யாரு சொன்னா?' என்ற கேள்வி அப்போதுதான் அவருக்குள் முளைத்தது. வீடு திரும்பி மகன் எதிரே உட்கார்ந்ததும் அது மறுபடி மறைந்தது.

"அத்தைக்கு அதைய வெச்ச பொறவு ஊடு கோயிலாட்ட இருக்குதுங்க. உங்க மாமனாருக்கும் வெச்சிருங்களேன்," என்று மருமகள் பக்கத்து வீட்டாருக்குப் பரிந்துரை செய்தாள். பக்கத்து வீட்டாரும் அதைக் கவனத்துடன் கேட்டுக்கொண்டார்கள்.

*

லோகநாதனின் காரியங்கள் முடிந்த பிறகு தமயந்தி தென்றல் நிலையத்துக்குப் புறப்பட்டார். 'உங்க கருவிதான் அவரக் கொன்னுச்சு. பயத்தப் புடுங்கிட்டீங்க. இனி யாருக்கும் அந்தத் தட்டு வேண்டாம், நிறுத்துங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தெருவில் நடக்கும்போது அதை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பேருந்து வந்தது. இப்போதைய பேருந்துகளுக்கு ஓட்டுநர் கிடையாது. கடைசிப் பயணி உட்காரும்வரை அவை நகர்வதும் கிடையாது. 'தயவுசெய்து உட்காருங்கள்' என்று தேன் தடவிய குரலில் அது வேண்டிக்கொண்டது. தமயந்தி உட்கார்ந்தார். கோவை ராமநாதபுரம் தாண்டி இறங்கும்போது அவருடைய கோபத்தில் பாதி பேருந்திலேயே தங்கிவிட்டது. மீதிப் பாதியை நிலையத்தின் வரவேற்பறை பார்த்துக்கொண்டது.

"வாங்கம்மா! மொதல்ல உக்காருங்க," என்று எழுந்து நின்று கைகூப்பினாள் வரவேற்பாளர் வினோதினி. "வெயில்ல வந்திருக்கீங்க. சிறுவாணித் தண்ணிங்க, குடிங்க. பொறவு பேசிக்கலாம்."

கோயம்புத்தூரில் வந்தவரை உட்காரச் சொல்லாதவன் மனிதனே அல்லன்; சொல்லியும் உட்காராதவர் சண்டைக்கு வந்தவர் என்று பொருள். தமயந்தி சண்டைக்குத்தான் வந்திருந்தார். ஆனாலும் அறுபது வருடப் பழக்கம் முழங்காலை மடக்கியது. உட்கார்ந்தார். தண்ணீர் குளிர்ச்சியாகவும் இனிப்பாகவும் இருந்தது.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்லீங்க கண்ணு. சும்மா, இந்தப் பக்கம் வந்தேன். எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

இரண்டாம் முறை மருத்துவர் திருமூர்த்தியையே பார்த்தார். அவர் தம் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்த்தினார். காபி கொண்டுவந்த ஊழியர் கால் இடறி, கோப்பை முழுவதையும் மருத்துவரின் வெள்ளைச் சட்டையில் கவிழ்த்துவிட்டார். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரல்களால் காறை எலும்புக்குக் கீழே மெல்லத் தடவிக்கொண்டு, "பரவால்லப்பா, உனக்குச் சுட்டுதா?" என்றார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று தமயந்தி வியந்தார்.

"லோகநாதன் விசயமா வந்தனுங்க..."

"கேள்விப்பட்டு வருத்தப்பட்டேனுங்கம்மா. ஆனா ஒண்ணு, அமைதியாப் போயிருக்காரு. அது நமக்கெல்லாம் ஒரு ஆறுதலுங்க."

"ஆமாங்க," என்றார் தமயந்தி.

ஆமாங்க! பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது அந்த 'ஆமாங்க'வுக்காகத் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது அவருக்கு.

*

பைபாஸ் கோஷ்டியில், நெஞ்சில் நிதானி வைத்த அப்பாஸ் என்று ஒருவர் உண்டு. ஒப்பணக்கார வீதியில் சேலைக் கடையில் விற்பனையாளராக ஆயுளைக் கழித்தவர். லோகநாதன் போன பிறகு அவர்தான் தமயந்திக்கு நடைத்துணை. நடந்தது அனைத்தையும் தமயந்தி அவரிடம் கொட்டிக்கொண்டு நடந்தார்.

"விடறதா இல்ல, அப்பாசு. இந்தத் தடவ அந்த டாக்டரு மூஞ்சிக்கு நேரா நின்னு, ஏய்யா, மனுசனுக்கு பயம்னு ஒண்ணு ஆண்டவன் எதுக்குய்யா குடுத்தான், அதைய எடுக்கறதுக்கு நீ யாருன்னு..."

செருப்பின் வார் அறுந்தது. தமயந்தி நின்று, குனிந்து அதைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"...யாருன்னு கேக்கலாம்தான். ஆனா பாவம், அவங்களும் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு?"

அப்பாஸ் சிலிர்த்துப்போய் அவரைப் பார்த்தார். "அக்கா, இப்ப யாரு பேசறது? நீங்களா, உள்ள இருக்கற கெரகமா?"

"என்னது?"

"நடங்க. செருப்பு கெடக்கட்டும், வெறுங்கால்ல நடங்க. வாங்கங்கறேன்!"

தமயந்தி நடந்தார். வேப்பமரத்தடி தாண்டுவதற்குள் மருத்துவர் திருமூர்த்தியின் மீதான ஆத்திரம், எங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்த நாய்போல அவருடன் சேர்ந்துகொண்டது. நின்று பார்த்தார், அடங்கியது. நடந்தார், வந்தது. அப்பாஸ் கரையோர பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தார்.

"காலாட்டுனா ஏமாறலீங்க்கா. வெவரமான மெசினு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலி நினைவுக்கு வந்தது.

"லோகுண்ணன் அன்னிக்கு நடந்துட்டு இருந்திருந்தா..." என்றார் அப்பாஸ்.

"கத்தியிருப்பாரு. திருச்சி ரோட்டுக்கே கேட்டிருக்கும்." தமயந்தி மறுபடி நடக்கத் தொடங்கினார். "உக்கார வெச்சே கொன்னுட்டாங்க, அப்பாசு. எங்க போனாலும், மொதல்ல உக்காருங்க, மொதல்ல உக்காருங்க!"

"எங்க கடையிலயும் அதான் மொதப் பாடம். வந்தவங்கள உக்கார வெச்சுட்டாப் பாதி வியாபாரம் முடிஞ்சுதும்பாரு மொதலாளி. எத்தன பேரை உக்கார வெச்சிருப்பன்!" என்ற அப்பாஸ், எழுந்து கூடவே நடந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, ஒண்ணு சொல்றன், திட்டாதீங்க. கொஞ்ச நாளா நடக்கறப்ப நெஞ்சுல இந்த எடத்துல புடிக்குது. தாடை வரைக்கும் வருது. ஊட்டுல போய் உக்காந்தா ஒண்ணுமே தெரியறதில்ல. செரி, வாயுன்னு விட்டுட்டேன். இப்பத்தான் யோசிக்கறேன்... உக்காந்தா வலி போகுதா, இல்ல வலிக்குதேங்கற பயம் போகுதா?"

தமயந்தி வெறுங்காலோடு அவரை உற்றுப் பார்த்தார். ஆனால் நிற்கவில்லை.

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு. பஸ்சு வேண்டாம், அது உக்கார வெச்சிரும். நான் நடந்து வர்றன், நீ ஆட்டோவுல போ."

"ஆட்டோவுலயும் உக்காரணுமேக்கா. உக்காந்தா, போக வேண்டாம்னு எனக்கே தோணிரும். மெதுவா நடந்தே வர்றன்."

வழியில் கிருபாவின் வீடு. தமயந்தி வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கிருபா வீட்டைப் பூட்டினார்.

"எனக்கு மெசினு இல்லீங்க்கா," என்றார் தெருவில் இறங்கி. "நான் நின்னாலும் அழுவன், உக்காந்தாலும் அழுவன். வாங்க, போலாம்."

*

நிலையத்துக்குள் நுழையும்போது அப்பாஸின் சட்டை நனைந்திருந்தது.

"வாங்க, வாங்க! மொதல்ல உக்காருங்க," என்று வினோதினி எழுந்தாள்.

"உக்காரலீங்க," என்றார் தமயந்தி, நடந்துகொண்டே. "கண்ணு, இவருக்கு நெஞ்சு புடிக்குது. இவர ஒடனே பாக்கச் சொல்லு. நாங்க டாக்டரப் பாக்கறோம்."

மருத்துவர் திருமூர்த்தி வழக்கம்போல எழுந்து வரவேற்று, நாற்காலிகளை நகர்த்தினார். கிருபா அமர்ந்தார். தமயந்தி மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். மரியாதையின் பொருட்டு மருத்துவரும் உட்காராமல் நின்றார்.

"உக்காரச் சொல்லி உக்காராதது மருவாதி இல்லேன்னு எனக்கும் தெரியுமுங்க. மன்னிச்சுக்குங்க. இவங்க லோகநாதனோட சம்சாரம். ஒரு கேள்வி கேக்க வந்திருக்காங்க."

"ஏனுங்க டாக்டர் அவரு பயப்படல?" என்றார் கிருபா.

மருத்துவர் மறைக்கவில்லை. அதுதான் தமயந்தியை அதிகம் எரியச் செய்தது. "கருவியில பதிஞ்சதப் பாத்தோமுங்கம்மா. துடிப்பு ஏறியிருக்கு. ஒடம்புல அசைவு இல்ல. படபடப்புன்னு எடுத்துக்கிட்டுத் தணிச்சிருக்கு. திரும்ப ஏறியிருக்கு. திரும்பத் தணிச்சிருக்கு. நெறைய தடவ அப்படி நடந்திருக்குதுங்க." மழை நிலவரம் படிப்பவரைப் போல இருந்தது அவர் குரல்.

கிருபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆக, உங்களுக்குத் தெரியும்," என்றார் தமயந்தி.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க?"

"ஆராயறதுக்குக் குழு ஒண்ணு அமைச்சிருக்கோமுங்கம்மா."

"குழு! இந்த மனுசி ஊட்டுல தாலி போயிருக்குது, நீங்க குழு அமைச்சீங்களா? உங்களுக்குக் கோவமே வர்லியா? வெக்கமா இல்லியா?"

"வருத்தமாத்தானுங்க இருக்குது," என்றார் மருத்துவர். அவருடைய இரண்டு விரல்கள் காறை எலும்புக்குக் கீழே சென்று தங்கின.

தமயந்தியின் கண் அந்த விரல்களில் நிலைத்தது. கால்கள் மட்டும் நிற்கவில்லை.

"உங்களுக்கும் வெச்சிருக்குதா?"

"எனக்குத்தானுங்க மொதல்ல வெச்சது. எனக்கும் பைபாஸ் ஆச்சு. அடுத்தவங்களுக்கு வெக்கறதுக்கு முன்னால நம்மளுக்கு வெச்சுப் பாக்கணுமில்லீங்களா?"

"நடக்கறீங்களா நீங்க?"

மருத்துவர் சற்று வெட்கத்துடன் சிரித்தார். "எல்லாருக்கும் சொல்றேன். எனக்குத்தான் நேரம் கெடைக்கறதில்லீங்க. காலையில இருந்து இந்த நாற்காலிதான்."

"வெச்ச பொறவு உங்க ஊட்டுல யாராவது செத்தாங்களா?"

"அம்மா... போன ஐப்பசியில."

"அழுதீங்களா?"

அவர் நிதானமாக யோசித்தார். "வந்தவங்களை எல்லாம் உக்கார வெச்சுப் பேசிக்கிட்டு, நானும் உக்காந்திருந்தேன்... இல்லீங்க. அழல. என்ன ஒரு பக்குவம்னு எல்லாரும் சொன்னாங்க."

தமயந்தியின் வெறுங்கால்கள் தரையில் படும் ஓசை மட்டும் கேட்டது. அவருக்கு அந்த மனிதர்மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டது. இந்த நாற்காலிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. வேறொருவர் இவருக்குள் இருக்கிறார். அவரை எழுப்ப வேண்டும்.

"வாங்க டாக்டர். நடக்கலாம்."

"எங்கீங்க?"

"நோயாளிங்க நடக்கட்டும்னு கட்டடத்தச் சுத்திப் பாதை போட்டிருக்கீங்களே. அங்க. பொம்பள கூப்பிடறேன், வர மாட்டேன்னு சொல்லிருவீங்களா?"

சொல்ல அவருக்கு மரியாதை இடம்கொடுக்கவில்லை.

முதல் சுற்றில் மருத்துவர், பாதையோரச் செடிகளின் பெயர்களைச் சொன்னார். மூச்சு வாங்கியது. இரண்டாம் சுற்றில் செடிகளை விட்டுவிட்டார். தமயந்தி ஒரு பக்கமும் கிருபா மறு பக்கமும் நடந்தார்கள். கட்டடத்தின் பின்புறம் திரும்பியபோது அவர் மெல்லிய குரலில், "அத்தனை தடவ" என்றார்.

"என்னங்க?"

"அத்தனை தடவ அந்த இருதயம் கதவத் தட்டியிருக்குது." குரல் மாறியிருந்தது. முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. "ஆபத்து, ஆபத்துன்னு கத்தியிருக்குது. ஒவ்வொரு தடவையும் தட்டிக் குடுத்துத் தூங்க வெச்சிருக்கேன். நாந்தான். அந்தப் பதிவப் பாத்துட்டு, காபி குடிச்சேன். குழு அமைச்சேன்! என்ன மனுசன் நானு? எங்கம்மா..." அவர் தூண் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கப் போனார்.

"நிக்காதீங்க!" என்று தமயந்தி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நின்னாப் போயிரும். அழுதுக்கிட்டே நடங்க."

அவர் அழுதுகொண்டே நடந்தார். வாய்விட்டு அழத் தெரியாத குழந்தைபோல விக்கி விக்கி அழுதார். சன்னல்களில் ஊழியர்களின் தலைகள் தெரிந்தன. வினோதினி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், என்னாச்சுங்க சார்! மொதல்ல உக்காருங்க சார்!"

"உக்கார மாட்டேன்!"

அந்த வளாகம் அதுவரை கேட்டறியாத குரல் அது. காபிக்கார ஊழியர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். இம்முறை யாரும் 'பரவால்லப்பா' என்று சொல்லவில்லை.

"இவங்களோட வந்தவரு எங்க? நெஞ்சு புடிக்குதுன்னு சொன்னாங்களே?"

"அப்பாஸ் சாருங்களா? உள்ள படுத்திருக்காருங்க. மானிட்டர்ல என்னமோ காட்டுதுன்னு சிஸ்டர் சந்தேகப்பட்டாங்க, ஆனா கேட்டா ஒண்ணுமில்லேன்னு சிரிக்கறாருங்க. வலியும் இல்லையாம். நெம்ப அமைதியா இருக்காரு, அதனால வரிசைப்படி பாத்துக்கலாம்னு..."

சிரிக்கிறார் என்ற சொல் கேட்டதும் கிருபாவிடமிருந்து ஓர் ஒலி எழுந்தது. மூவரும் ஓட்டமும் நடையுமாகத் அவசர சிகிச்சை அறையின் வாசலுக்கு வந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் அப்பாஸ் வெளிறிய முகத்துடன் படுத்திருந்தார். தமயந்தியைக் கண்டதும் கையசைத்தார். அவர் உதட்டில் இருந்தது லோகநாதனின் சிரிப்பு.

மருத்துவர் வாசலில் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே, கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் பிரிவினரிடம் தொலைபேசியில் கத்தினார். "தணிப்ப நிறுத்துங்க. துடிப்பச் சரி பண்றது ஓடட்டும், தட்டறத மட்டும் நிறுத்துங்க. ஒருத்தருக்கில்ல, எல்லாருக்கும். எத்தன பேருக்கு வெச்சிருக்கமோ அத்தன பேருக்கும்... குழு கெடக்கட்டும்யா! நான் இப்ப நடந்துக்கிட்டு இருக்கேன், அதனால சொல்றேன். உக்காந்தா வேற மாதிரி சொல்லிருவேன். அதுக்குள்ள நிறுத்துங்க!"

தமயந்தி நெஞ்சில் கைவைத்தபடி நடந்தார். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு. மறு சுவரிலிருந்து இங்கே. கண்ணாடிக்கு அப்பால் அப்பாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். செவிலி அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். அப்பாஸ் அவளிடம் ஏதோ வேடிக்கை சொன்னார் போலும்; அவளும் சிரித்தாள். தமயந்திக்கு அந்தக் கண்ணாடியை உடைத்துவிடலாம் போல் இருந்தது.

பிறகு அப்பாஸின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்கள் அகன்றன. கை போர்வையைப் பற்றியது.

"அய்யோ!" என்ற அலறல் கதவைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, வரவேற்பறைவரை கேட்டது. "அய்யோ, வலிக்குதே! செத்துருவன் போலிருக்குதே! யாராவது வாங்களே! அக்கா, எங்கக்கா போனீங்க? கெரகத்த, எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்களா? வாங்கய்யா!"

நான்கு திசைகளிலிருந்தும் வெள்ளைச் சட்டைகள் ஓடின. மருத்துவர் திருமூர்த்தி எல்லோருக்கும் முன்னால் உள்ளே பாய்ந்தார். கதவு மூடிக்கொண்டது. மூடிய பிறகும் அப்பாஸ் ஏசுவது கேட்டது; வாழ்நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் அடக்கிவைத்த அத்தனையையும் அந்த ஊழியர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"கத்தறாருங்க்கா," என்று கிருபா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "எவ்வளவு நல்லாக் கத்தறாரு!"

கத்தல் ஓய்ந்தது எப்போது என்று இருவரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது நெடுநேரம் ஆகியிருந்தது. கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்தார். தலைமயிர் கலைந்திருந்தது. அடைப்பை நீக்கிவிட்டதாகவும், இன்னும் கொஞ்ச நேரம் அவர் அந்தச் சிரிப்போடு படுத்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவர்கள் முன் தலைகுனிந்து நின்றார். வெறுமனே, அசையாமல் நின்றார். அவருடைய கண்களில் நீர் அப்படியே இருந்தது. விரல்கள் காறை எலும்பைத் தேடவில்லை.

தமயந்தியும் அப்போதுதான் நின்றார். காத்திருந்தார். உள்ளே தாளம் எதுவும் கேட்கவில்லை.

நாற்காலியைப் பிடித்தபடி வினோதினி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அதை முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்று தெரியாத தயக்கம் அவள் முகத்தில் இருந்தது. "அம்மா... கால்ல செருப்புகூட இல்லீங்க. இப்பவாவது உக்காருங்களேன்."

"குடு கண்ணு, இப்ப உக்காரலாம்," என்று தமயந்தி நாற்காலியை வாங்கிப் போட்டு, நன்றாகச் சாய்ந்து, இரண்டு கைகளையும் அதன் கைப்பிடிகளில் வைத்து அமர்ந்தார்.

கோபம் போகவில்லை.

"கூப்பிடு உங்க குழுவ," என்றார். "அப்படியே என்ற மகன் கௌதமுக்கும் ஒரு போனு போடு. எல்லாரும் வரட்டும், நான் பேசோணும்."

பிறகு எதிரே நாற்காலி தேடிய மருத்துவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நில்லுங்க."